பாயின்ட் கார்டா ஆடினவர் கோச் ஆகும்போது எது கைகொடுக்குது, எது காலை வாருது? ஜேசன் கிட் பற்றி ஒரு கேள்வி

இடதுகை_லேஅப்:

"பாயின்ட் கார்டுன்னா கோர்ட்டுக்குள்ளயே நிக்கிற கோச், அவருக்கு இந்த வேலை தானா வந்துடும்"னு வர்ணனையில வாய்க்கு வாய் சொல்றாங்க. என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்)ல பாயின்ட் கார்டா, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துற ஆளா, இருந்த ஜேசன் கிட்டோட கணக்கைப் பார்த்தா அப்படித் தெரியலை.

2013 ஜூன்ல ஆட்டத்தை விட்டார். அதே மாசம் புரூக்ளின் நெட்ஸ் தலைமைக் கோச். முதல் 31 ஆட்டத்துல 10 வெற்றி, 21 தோல்வி. ஆனா சீசன் முடியும்போது 44-38. ஒரே வருஷத்துல மில்வாக்கி போனார். முந்தின சீசன்ல 15-67 எடுத்த அணி அது, அதை 41-41 ஆக்கினார். அடுத்த வருஷமே 33-49. 2018 ஜனவரியில வேலை போச்சு. அப்புறம் லேக்கர்ஸ்ல உதவிக் கோச். 2021-ல டல்லாஸ் தலைமைக் கோச். அங்க 2022-ல வெஸ்ட் (மேற்குப் பிரிவு) இறுதி, 2023-ல பிளேஆஃபே (சீசனுக்கு அப்புறம் நடக்கிற கோப்பைச் சுற்று) இல்லை, 2024-ல என்பிஏ இறுதி.

இந்த ஏத்த இறக்கத்துக்குக் காரணம் அவர் திட்டமா, கையில இருந்த ஆட்களா? ஆட்டக்காரரா இருந்தப்ப அவர்கிட்ட இருந்த எது கோச் வேலையில தெரியுது? பொதுவா "தலைமைப் பண்பு" மாதிரி பதில் வேண்டாம். கோர்ட்டுல யார் எங்க நிக்கிறாங்க, எங்க உடையுதுன்னு சொன்னா உதவியா இருக்கும். எந்த ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கலாம்னும் சொல்லுங்க.

---

ஆறாவது_ஆள்:

முதலில் ஆட்டக்காரர் கிட்டைப் பார்த்துவிடுவோம், அப்போதுதான் மீதி புரியும்.

ஓய்வு பெறும்போது 12,091 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்), 2,684 ஸ்டீல் (எதிரணியிடம் பறித்த பந்து). இரண்டிலும் அன்றைக்கு ஜான் ஸ்டாக்டனுக்கு அடுத்த இடம் (2024-25 சீசனில் கிறிஸ் பால் இரண்டையும் தாண்டினார்). எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் அவர் ஆட்டத்தைச் சொல்லும் எண் 8,725. அவர் எடுத்த ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து திரும்பும் பந்து) அத்தனை. உயரம் 6 அடி 4 அங்குலம்தான்.

ஏன் அது முக்கியம் என்றால், வழக்கமான ஃபாஸ்ட் பிரேக்கில் (எதிரணி நிலைகொள்ளுமுன் ஓடித் தாக்குவது) சென்டர் ரீபவுண்ட் எடுப்பார், இறங்குவார், திரும்புவார், கார்டைத் தேடிப் பந்தை வெளியே வீசுவார். கார்டு அதை வாங்கித் திரும்பி ஓட ஆரம்பிப்பதற்குள் எதிரணியில் மூன்று பேர் பின்னால் ஓடிப் போய் நின்றுவிடுவார்கள். கிட் தானே ரீபவுண்ட் எடுத்ததால் நடுவில் ஒரு பாஸ் மிச்சம். காற்றில் இருக்கும்போதே தோளைத் திருப்பிக்கொண்டு, முதல் டிரிப்பிளிலேயே எதிர்க்கூடையைப் பார்ப்பார். நியூ ஜெர்சி நெட்ஸில் அவரோடு ஆடிய கென்யன் மார்ட்டின், ரிச்சர்ட் ஜெஃபர்சன், கெர்ரி கிட்டில்ஸ் மூவரும் பந்து யார் கைக்கு வருகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடலாம். 2000-01-இல் 26-56 எடுத்த நியூ ஜெர்சி, ஸ்டெஃபன் மார்பரியைக் கொடுத்துக் கிட்டை வாங்கிய அடுத்த சீசனில் 52-30. 2002, 2003 இரண்டு வருடமும் இறுதி. இரண்டிலும் தோல்வி, லேக்கர்ஸிடம் 0-4, ஸ்பர்ஸிடம் 2-4.

இதில் முடிவு எடுப்பவர் ஒரே ஆள். மற்ற நால்வரும் அவரை நம்பி ஓடினால் போதும். அவர் கண்ணில் படுவது அவர்களுக்குப் படவேண்டிய அவசியமே இல்லை. கோச் ஆனபின் இதுதான் தலைகீழாகிறது. பார்ப்பவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார், அந்த அரை விநாடியில் முடிவெடுக்க வேண்டியவர்கள் உள்ளே ஐந்து பேர்.

டல்லாஸுக்கு 2008-இல் திரும்பி வந்த கிட் வேறு ஆள். கால் வேகம் போயிருந்தது. ஆட வந்த முதல் சீசனில் (1994-95) 27.2 சதவீதம் த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) போட்டவர், 2009-10-இல் 42.5 சதவீதம் போட்டார். பந்து டிர்க் நோவிட்ஸ்கி கையிலும் ஜே.ஜே. பரேயா கையிலும் இருக்கும்போது இவர் வீக்சைடில் (பந்து இல்லாத பக்கம்) நின்று, எதிராளி உள்ளே உதவிக்கு இறங்கினால் தண்டனை கொடுத்தார். 38 வயதில் 2011 கோப்பை. தன் வேலையைச் சுருக்கிக்கொண்டதால் கிடைத்த கோப்பை அது. அவருடைய பிற்காலக் கோச்சிங்கில் இந்தப் பாடம்தான் அதிகம் தெரிகிறது.

இன்னொன்று. 2010 பிப்ரவரியில் அட்லாண்டாவுக்கு எதிராக, அந்த அணியின் கோச் மைக் உட்சன் கோட்டைத் தாண்டிக் கோர்ட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். டிரிப்பிள் செய்துகொண்டே போன கிட் நேராக அவர்மேல் மோதி, அவருக்கு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கிக் கொடுத்தார். விதிப் புத்தகத்தின் ஓரத்தில் என்ன கிடைக்கும் என்று தேடும் புத்தி அது. 2013 நவம்பரில் கோச்சாக அதையே முயன்றார். லேக்கர்ஸுக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் டைம்-அவுட் கையில் இல்லை. தன் ஆட்டக்காரர் இடிக்கும்படி செய்து கையிலிருந்த பானத்தைத் தரையில் கொட்டினார். தரையைத் துடைக்கும் நேரத்தில் அடுத்த தாக்குதலை எப்படி ஆடுவது என்று வரைந்து கொடுத்தார்கள். லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது.

---

வீக்சைடு:

புரூக்ளினைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மில்வாக்கிக்குப் போகிறேன், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

புரூக்ளினில் கிட் டிஃபென்ஸை லாரன்ஸ் ஃபிராங்கை நம்பித்தான் ஆரம்பித்தார். கிட் நியூ ஜெர்சியில் ஆடியபோது அவருக்கே கோச்சாக இருந்தவர் ஃபிராங்க். டிசம்பரில் இருவருக்கும் ஒத்துப்போகாமல், ஃபிராங்கைப் பெஞ்சிலிருந்து எடுத்து அறிக்கை எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். அதே மாதம் புரூக் லோபஸுக்குக் கால் எலும்பு முறிந்து சீசன் முடிந்தது. அந்த நெருக்கடியில்தான் அணி சரியானது. ஷான் லிவிங்ஸ்டனைத் தொடக்க ஐவரில் இறக்கி, பால் பியர்ஸைப் பவர் ஃபார்வர்டாகவும் கெவின் கார்னெட்டைச் சென்டராகவும் தள்ளினார். லிவிங்ஸ்டன், ஜோ ஜான்சன், பியர்ஸ் மூவரும் ஏறக்குறைய ஒரே உயரம், 6 அடி 7 அங்குலம். ஸ்க்ரீன் (காப்பவரின் வழியை எதிரணி ஆள் உடம்பால் மறிப்பது) வந்தால், காக்கும் ஆளை மாற்றிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. மீதி 51 ஆட்டத்தில் 34 வெற்றி. முதல் சுற்றில் டொரான்டோவை ஏழு ஆட்டத்தில் வென்று, அடுத்ததில் மியாமியிடம் 1-4.

நீளமான கைகள் இருந்தால் என்ன செய்யலாம் என்ற அந்த ருசியோடுதான் அவர் மில்வாக்கி போனார். அங்கே அவர் போட்ட ட்ராப் இப்படி வேலை செய்யும்:

பந்து வைத்திருப்பவருக்கு ஸ்க்ரீன் வருகிறது. அவரைக் காப்பவரும் ஸ்க்ரீன் போடுபவரைக் காப்பவரும் இருவருமாக, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, பந்தின் மேல் பாய்கிறார்கள். கை மேலே. இப்போது பின்னால் மூன்று பேர் நான்கு பேரைக் காக்க வேண்டும். ஸ்க்ரீன் போட்டவர் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் இறங்குவார். அவரை மறிக்க வீக்சைடு கார்னரில் நிற்பவர் தன் ஆளை விட்டுவிட்டுப் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள வண்ணப் பகுதி) வர வேண்டும். அவர் விட்டுவந்த கார்னர் ஆளையும் விங்கில் நிற்பவரையும் சேர்த்து ஒரே டிஃபெண்டர் நடுவில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து கார்னருக்குப் பறந்தால் அந்த நடு ஆள் கார்னருக்கு ஓடுவார், பெயின்ட்டுக்குள் வந்தவர் வெளியேறி விங்குக்கு ஓடுவார். இரண்டு பேரும் எக்ஸ் போல ஒருவரை ஒருவர் கடக்க வேண்டும்.

2014-15-இல் இது ஏன் பலித்தது? யானிஸ் ஆன்டெடோகௌன்போ, கிறிஸ் மிடில்டன், ஜான் ஹென்சன் கைகளுக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட வேண்டியிருந்ததால் குறுக்குப் பாஸ் உயரமாகவும் மெதுவாகவும் போனது. அந்தக் கூடுதல் நேரத்தில் ஓடிப் பிடித்துவிடலாம். ஸாஸா பச்சூலியா, ஜாரெட் டட்லி இருவரும் வேகமானவர்கள் இல்லை, ஆனால் பந்து கிளம்பும் முன்பே எங்கே போகும் என்று தெரிந்து நகர்பவர்கள். கத்திக் கத்தி மற்றவர்களையும் நகர்த்துவார்கள். அந்த வருடம் டிஃபென்ஸில் லீக்கின் முதல் ஐந்துக்குள் அணி.

அடுத்த வருடம் பச்சூலியாவும் டட்லியும் இல்லை. கிரெக் மன்ரோ வந்தார், பாயின்ட் போடத் தெரிந்தவர், கால் மெதுவானவர். ட்ராப்புக்கு அவர் அரை அடி தாமதமாக வந்தால் போதும், கார்டு இருவருக்கும் நடுவிலேயே புகுந்துவிடுவார். எதிரணிகளும் படித்துக்கொண்டன. ஸ்க்ரீன் போடுவது போல வந்து, தொடாமலேயே உள்ளே நழுவினார்கள். ட்ராப் வருவதற்குள் ஃப்ரீ த்ரோ கோட்டில் பந்து, அங்கிருந்து நாலுக்கு மூன்று. உதவிக்கு வந்தால் கார்னர் த்ரீ, வராவிட்டால் டங்க். கார்னரில் கோடு 22 அடிதான், உச்சியில் 23 அடி 9 அங்குலம். கோர்ட்டிலேயே கிட்டத்தில் இருக்கும் த்ரீயை எதிரணிக்குத் திறந்துவிட்டார்கள்.

என் தீர்ப்பு: திட்டம் தவறில்லை, அதற்குத் தேவையான பார்வை தவறான இடத்தில் இருந்தது. இந்த ட்ராப்பில் ஐந்து பேரும் பந்து கிளம்புமுன் முடிவெடுக்க வேண்டும். ஸ்டீல் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த மனிதருக்கு அது இயல்பு. 20, 21 வயதுப் பையன்கள் 82 ஆட்டம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்படிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்ததுதான் பிசகு. ஆட்கள் மாறியபோதாவது திட்டத்தை மாற்றியிருக்க வேண்டும். அவர் மாற்றவில்லை.

---

டிராப்_கவரேஜ்:

வீக்சைடு சொல்றதுல பெரும்பகுதி சரி. 2018-19-ல என்ன நடந்ததுன்னு சேர்த்துக்கணும், அதுதான் சரியான சோதனை. மில்வாக்கிக்குப் புதுக் கோச்சா மைக் புடன்ஹோல்சர் வந்தார், யானிஸ், மிடில்டன், எரிக் பிளெட்சோ எல்லாரும் அதே ஆட்கள். சென்டரா புரூக் லோபஸ் வந்தார். ட்ராப்பைத் தூக்கிட்டு, லோபஸை ரிம் (கூடை வளையம்) பக்கத்துலயே நிக்க வெச்சு, கார்டை மட்டும் ஸ்க்ரீனுக்குப் பின்னால துரத்தவிட்டார். பெயின்ட்டை மூடு, தூரத்துல இருந்து போட்டா போடட்டும்னு கணக்கு. 60-22. கிட்டோட கடைசி முழு சீசன் 42-40. முடிவெடுக்க வேண்டிய ஆளை அஞ்சுல இருந்து ரெண்டாக் குறைச்சதுதான் பெரிய வித்தியாசம்.

ஆனா மில்வாக்கியில கிட் செஞ்ச நல்லதை யாரும் எழுதலை. 2016 பிப்ரவரியில மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸுக்குக் காயம். கிட் வேற கார்டைத் தேடாம, 6 அடி 11 அங்குல யானிஸ் கையில பந்தைக் கொடுத்தார். பிப்ரவரி 22-ல லேக்கர்ஸுக்கு எதிரா யானிஸோட முதல் டிரிபிள்-டபுள் (மூணு கணக்குல இரட்டை இலக்கம்), 27 பாயின்ட், 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். ஆறாவது_ஆள் சொன்ன அதே விஷயம்தான் இது. ரீபவுண்ட் எடுத்தவரே பந்தோட கிளம்புறார், நடுவுல பாஸ் கிடையாது, எதிரணிக்கு நிக்க நேரம் கிடையாது. கிட் தன்னோட ஆட்டத்தை இன்னும் ஏழு அங்குலம் உயரமான ஒருத்தருக்கு அப்படியே மாத்திக் கொடுத்தார். அடுத்த சீசன்ல யானிஸ் மொத்தப் பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் அஞ்சுலயும் லீக்கின் முதல் 20-க்குள்ள. அதுக்கு முன்னாடி யாரும் செஞ்சதில்லை. "அதிகம் முன்னேறியவர்" விருதும் அவருக்குத்தான்.

அதனால "பாயின்ட் கார்டு கோச்"சுக்கு எது இயல்பா வருதுன்னா, ஒரு தனி ஆளுக்குக் கோர்ட்டைப் பார்க்கக் கத்துக்கொடுக்கிறது. அஞ்சு பேரை ஒரே நேரத்துல நகர்த்துறது தனியாக் கத்துக்க வேண்டிய தொழில்.

---

இடதுகை_லேஅப்:

ரொம்ப நன்றி, இதுதான் வேணும்னு நினைச்சேன். அப்போ டல்லாஸ்ல என்ன மாறிச்சு? 2021-22-ல டிஃபென்ஸ் திடீர்னு ஏறிச்சே. அப்புறம் அவர் டைம்-அவுட் எடுக்காம உட்கார்ந்திருக்கார்னு நிறையப் பேர் திட்டுறாங்க, அதுல நியாயம் இருக்கா?

---

ஹை_போஸ்ட்:

நடுவில் லேக்கர்ஸில் ஃபிராங்க் வோகலுக்குக் கீழே இரண்டு சீசன் உதவிக் கோச்சாக இருந்தார், 2020-இல் அங்கே கோப்பை. தலைமைக் கோச்சாக ஐந்து வருடம் இருந்துவிட்டு உதவிக்கு இறங்குவது எல்லாருக்கும் மனது வராது. வரிசை தலைகீழ்தான், ஆனால் பலன் இருந்தது. ஏவரி ஜான்சன் முதலில் டான் நெல்சனிடம் உதவியாளராக இருந்து, 2005 மார்ச்சில் டல்லாஸைக் கையில் எடுத்து, அடுத்த வருடமே இறுதிக்குக் கொண்டுபோனார். ஸ்டீவ் நாஷ் உதவிக் கோச்சாக இல்லாமல் 2020-இல் நேராகப் புரூக்ளின் நாற்காலியில் உட்கார்ந்தார், 2022 நவம்பரில் முடிந்தது. கிட்டின் முதல் ஐந்து வருடமும் அந்த இரண்டாவது வகை.

டல்லாஸில் மாறியவை இரண்டு. முதலாவது, டிஃபென்ஸ் முழுக்க ஷான் ஸ்வீனி பொறுப்பு. புரூக்ளினிலும் மில்வாக்கியிலும் கிட்டோடு இருந்தவர்தான், இடையில் டெட்ராய்ட் போய்த் திரும்பினார். ஃபிராங்கோடு முடியாமல் போன பங்கீடு இங்கே முடிந்தது. இரண்டாவது, பார்வை இல்லாதவர்களிடம் பார்வையைக் கேட்கவில்லை. டோரியன் ஃபின்னி-ஸ்மித், ரெஜி புல்லக், மாக்ஸி கிளீபர் போன்றவர்களை வைத்து ஸ்க்ரீனில் ஆளை மாற்றிக்கொள், உன் ஆளை முன்னால் வைத்துக்கொள், அவ்வளவுதான்.

2022-இல் ஃபீனிக்ஸுக்கு எதிரான தொடரைப் பாருங்கள். ஃபீனிக்ஸ் அந்த சீசனில் 64 வெற்றி எடுத்த அணி. முதல் இரண்டு ஆட்டம் டல்லாஸ் தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் டல்லாஸின் நட்சத்திரம் லூகா டான்சிச்சைக் காக்கும் ஆளாகத் தேடித் தேடி ஃபீனிக்ஸ்காரர்கள் ஸ்க்ரீனுக்கு இழுத்தார்கள். மூன்றாவதிலிருந்து கிட் அதையே ஃபீனிக்ஸின் பாயின்ட் கார்டு கிறிஸ் பால் பக்கம் திருப்பினார். பந்தோடு வரும் பாலைப் பின்கோட்டிலிருந்தே புல்லக் ஒட்டிக்கொண்டு வந்தார், பால் பாதிக் கோர்ட்டைத் தாண்டும்போதே ஷாட் கிளாக்கில் (ஷாட் போட மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம்) விநாடிகள் கரைந்துவிடும். மறுபக்கம், பால் காக்கும் ஆளை வைத்து ஸ்க்ரீன் போட்டு அவரை டான்சிச் முன்னால் நிறுத்தினார்கள். அப்போது பாலுக்கு வயது 37. இரண்டு பக்கமும் வேலை. மூன்றாம் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே பால் 7 டர்ன்ஓவர் (எதிரணியிடம் பந்தை இழப்பது). ஏழாவது ஆட்டத்தில் இடைவேளை ஸ்கோர் 57-27. டான்சிச் மட்டுமே 27. முடிவு 123-90. ஒரு பாயின்ட் கார்டின் உடம்பு எங்கே களைக்கும் என்று இன்னொரு பாயின்ட் கார்டுக்குத்தான் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். இந்த ஒரு தொடரில் அவருடைய பழைய தொழில் நேரடியாக வேலை செய்தது என்று தயங்காமல் சொல்வேன்.

2024-இல் ஆட்கள் வேறு. டேனியல் காஃபர்ட், டெரெக் லைவ்லி இருவரையும் ரிம்மில் நிறுத்தினார்கள். ஓக்லஹோமாவுக்கு எதிராக, த்ரீ போடத் தயங்கும் ஜாஷ் கிட்டியைக் காக்கும் வேலையைச் சென்டரிடம் கொடுத்து, அவரை வெளியே விட்டுவிட்டு, சென்டர் பெயின்ட்டிலேயே நின்றார். தொடர் முடிவதற்குள் கிட்டி தொடக்க ஐவரில் இடத்தை இழந்தார். இறுதியில் பாஸ்டனிடம் இது எடுபடவில்லை. பாஸ்டனில் ஐந்து பேரும் த்ரீ போடுவார்கள், விட்டுவிடுவதற்கு ஆளே இல்லை. காஃபர்டும் லைவ்லியும் வெளியே வர, ரிம் காலி. டல்லாஸ் பந்து வைத்திருக்கும்போதும் பாஸ்டன் கார்னர்களை விட்டு அசையாமல், டான்சிச், கைரி இர்விங் இருவரையும் தனியாகவே போடவிட்டது. 1-4.

டைம்-அவுட்: என்பிஏவில் ஒரு அணிக்கு ஆட்டத்துக்கு 7. நான்காம் குவார்ட்டருக்கு அதிகபட்சம் 4, கடைசி மூன்று நிமிடத்தில் 2-க்கு மேல் கையில் இருக்காது. கிட் எதிரணி 8-0, 10-0 ஓடும்போதும் சில நேரம் சும்மா இருப்பார், ஆட்டக்காரர்களே வழி கண்டுபிடிக்கட்டும் என்று. டான்சிச்சும் இர்விங்கும் உள்ளே இருந்தபோது அதில் அர்த்தம் இருந்தது. இளம் பெஞ்ச் உள்ளே இருக்கும்போது அது தவறு, திட்டுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆடிய காலத்தில் கோச்சின் டைம்-அவுட் இல்லாமலே சரி செய்யத் தெரிந்தவர் அவர். உள்ளே அப்படி ஒருவர் இல்லாத நிமிடங்களில் பெஞ்சிலிருந்துதான் உதவி வரவேண்டும்.

---

வீக்சைடு:

ஆட்டங்கள் கேட்டிருந்தீர்கள். நான்கு போதும்: 2002 அல்லது 2003 பிளேஆஃப் நெட்ஸ் ஆட்டம் ஏதாவது ஒன்று, 2014-15 மில்வாக்கி ஒன்று, 2015-16 மில்வாக்கி ஒன்று, 2022 ஃபீனிக்ஸ் மூன்றாம் ஆட்டம்.

நெட்ஸ் ஆட்டத்தில் பந்தைப் பார்க்காதீர்கள். எதிரணி ஷாட் போட்ட நொடியில் நிறுத்தி, ஜெஃபர்சனும் கிட்டில்ஸும் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டு மில்வாக்கி ஆட்டத்திலும் ஸ்க்ரீன் வரும்போது வீக்சைடு கார்னர் டிஃபெண்டரை மட்டும் தொடருங்கள். ட்ராப் மூடும் அதே கணத்தில் அவர் கால் பெயின்ட்டுக்குள் இருக்கிறதா? பந்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்த பிறகுதான் கிளம்புகிறாரா? ஒரு குவார்ட்டரில் எத்தனை முறை தாமதம் என்று தாளில் கோடு போடுங்கள், தாமதமான ஒவ்வொன்றும் எதில் முடிந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்: டங்க், ஃபவுல், கார்னர் த்ரீ. இரண்டு வருடத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ் ஆட்டத்தில் பால் பாதிக் கோட்டைத் தாண்டும்போது ஷாட் கிளாக் என்ன காட்டுகிறது என்பதை முதல் பாதி முழுக்க எழுதுங்கள். அதே பாதியில் டல்லாஸ் பந்து வைத்திருக்கும்போது ஸ்க்ரீன் போட வருபவர் யார், அவரைக் காப்பவர் யார் என்றும் ஒரு வரிசை எழுதினால் திட்டம் தாளிலேயே தெரிந்துவிடும். காணொளியை முக்கால் வேகத்தில் ஓடவிட்டால் சுலபம்.